கடலுக்குக் கோபமா?



போன கிழமை வகுப்பில், "ஒலுவில்ல கடல் ஏன் ஊருக்குள்ள வருது?" என்று கேட்டோம். "கடலுக்குக் கோபம் சேர்" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், நம்மில் பெரியவர்கள் சொல்வதும் அதைத்தானே?

கடலுக்குக் கோபமில்லை. அலை கரைக்குச் சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக ஏற்றுகிறது, திரும்பும்போது நேராக இறக்குகிறது. இப்படியே மணல் கரை வழியே நடக்கிறது. நமது பக்கத்தில் வருடக் கணக்கில் பார்த்தால் அந்த நடை தெற்கிலிருந்து வடக்கே. 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த வழியில் குறுக்கே நிற்கின்றன. தெற்கே மணல் குவிகிறது. துறைமுக வாயை மண் மூடுகிறது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் கரை கரைகிறது, தென்னைகள் சாய்கின்றன.

வாயில் அடைத்த மண்ணைத் தோண்டுங்கள் என்கிறார் மீனவர். தோண்டினால் எங்கள் காணி இன்னும் போகும் என்கிறார் கரையில் இருப்பவர். இருவரும் நம்மவர்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்தச் சிக்கலைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: கரையோரப் பொறியியல். அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிலும் மணல் வடக்கே நடக்கிறது. அங்கே 1986 முதல், சுவரின் தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே தோண்டுவதா வேண்டாமா என்பது மட்டும் கேள்வியல்ல, தோண்டிய மணல் எங்கே போகிறது என்பதும் கேள்வி. அவசரத்துக்குக் கல் கொட்டினால் ஓரிடம் தப்பலாம், ஆனால் அரிப்பு அடுத்த வளவுக்கு நகர்ந்துவிடும்.

தவறு எங்களிடமும் உண்டு. கணிதப் பிரிவுப் பிள்ளைகளிடம் பொறியியல் என்றால் கட்டடம், வீதி, கணினி என்றே சொல்லி வந்தோம். கடலோரத்தில் வாழ்ந்துகொண்டு கடலைப் படிக்கலாம் என்று சொல்லவில்லை. பெற்றோரே, பிள்ளை அப்படிக் கேட்டால் தடுக்காதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் மாணவர்களுடன் கரையை அளக்கப் போகிறோம். அசையாத ஒரு சுவரிலிருந்து அலை நனைத்த கோடு வரை எத்தனை மீற்றர், என்ன திகதி, அவ்வளவுதான். ஒரு அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். ஐந்து வருடம் எழுதினால், கூட்டங்களில் நாம் சத்தம் போடத் தேவையில்லை, கொப்பியை நீட்டலாம்.

"கடலுக்குக் கோபம்" என்றவனிடம்தான் கொப்பியைக் கொடுத்திருக்கிறோம்.