கன்று வைக்கும் காலம்

வானில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் மூப்பு உண்டு. மின்கலம் தளரும், எரிபொருள் குறையும், படக்கருவி பழுதாகும். பழுது பார்க்க அங்கே பட்டறை இல்லை. அது கண் மூடும் நாளில் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள இன்னொன்று மேலே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இது விஞ்ஞானிகளின் கவலை, நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். என் குடும்பத்துக் கதையையும் இந்தக் கேள்வி தொட்டுச் சென்றதால்தான் எழுதத் துணிந்தேன்.

ஸ்கூடாயில் புவித்தகவலியல் படிக்கிறேன். 1990 முதல் இன்றுவரை கூலாய் வட்டார நிலம் எப்படி மாறியது என்பதே என் இறுதியாண்டு ஆய்வு. அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2012இல், தோட்டம் கைமாறியது. மரங்கள் சாய்ந்தன. நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். இன்று அந்த இடத்தில் அடுக்கடுக்காய் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. எங்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாணப் படங்கள் உண்டு, திருவிழாப் படங்கள் உண்டு. ஆனால் தோட்டம் முழுவதையும் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

அந்தப் படம் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களிடம் இருந்தது. 1972இல் தொடங்கிய இத்திட்டத்தின் படங்களை 2008 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம். தொண்ணூறுகளின் படம் ஒன்றைக் கணினியில் விரித்தபோது, ரப்பர் மரங்களின் பசுமைக்கு நடுவே எங்கள் லயங்கள் தெரிந்தன. ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். ஆகவே ஒரு லயம் இரண்டு மூன்று புள்ளிகள்தாம். கோயில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிட்டது. இருந்தும் தாத்தாவிடம் காட்டியபோது, விரலை வைத்து, "இதுதாம்பா ஆஸ்பத்திரிக் கொட்டாய், இது ஆத்தங்கரை" என்று வரிசையாகச் சொன்னார்.

பிறகு 2012ஆம் ஆண்டைத் தேடினேன். தோட்டம் அழிந்த அந்த ஆண்டின் தெளிவான படம் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் வானத்தில் இருந்தது.

1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5க்கு மூன்றாண்டு ஆயுள் என்றுதான் கணக்குப் போட்டார்கள். அது 29 ஆண்டுகள் உழைத்தது. அதன் இடத்துக்கு வரவேண்டிய லேண்ட்சாட் 6, 1993இல் சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. 1999இல் சென்ற லேண்ட்சாட் 7க்கு 2003 மே மாதம் கருவிக் கோளாறு ஏற்பட்டது. அதன்பின் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கறுப்புக் கீற்றுகளாகக் காணாமல் போனது. 2011 நவம்பரில் லேண்ட்சாட் 5இன் படப்பிடிப்பும் நின்றது. லேண்ட்சாட் 8 விண்ணுக்குச் சென்றது 2013 பிப்ரவரியில். இடைப்பட்ட பதினைந்து மாதங்கள் கீற்று விழுந்த ஒற்றைக் கண்ணோடுதான் இத்திட்டம் பூமியைப் பார்த்தது. அதுவும் 16 நாளுக்கு ஒருமுறை. ஜொகூரின் மேகங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கீற்று தப்பினால் மேகம், மேகம் தப்பினால் கீற்று.

வாரிசு தாமதமானால் என்ன நேரும் என்பதை நான் பாடநூலில் படிக்கவில்லை. என் தோட்டத்தின் மேல் விழுந்த கறுப்புக் கோடுகளில் படித்தேன்.

மூத்தது போனதும் உடனே புதியதை அனுப்பினால் போதாதா? போதாது. இரண்டு கருவிகள் ஒரே பச்சையை ஒரே அளவாகப் பார்ப்பதில்லை. இரண்டும் சில காலமாவது சேர்ந்து பறந்து, ஒரே இடத்தைப் பார்த்து, வேறுபாட்டை அளந்து சரிசெய்ய வேண்டும். இல்லையேல் மாறியது காடா, கருவியா என்று பிற்காலத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 2021 செப்டம்பரில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 9ஐ, அதே நவம்பரில் லேண்ட்சாட் 8இன் கீழே பறக்கவிட்டு இரண்டின் பார்வையையும் ஒப்பிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, லேண்ட்சாட் 9க்கான பணி 2015இலேயே தொடங்கிவிட்டது என்பதாகும். அப்போது லேண்ட்சாட் 8 விண்ணுக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன!

இதையெல்லாம் தாத்தாவிடம் விளக்கினேன். ரப்பர் வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டி, நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர் அவர். "இதுல என்னப்பா அதிசயம்? செம்பனைக் கன்னு நட்டா குலை வெட்ட மூணு வருசம் ஆவும். மரமெல்லாம் ஓஞ்சப்புறம் கன்னு போட்டா, அந்த மூணு வருசம் தோட்டம் எதைத் திங்கும்? அதான் பிளாக் பிளாக்கா வெட்டி நடுறது. ஒன்னு காய்ச்சுக்கிட்டு இருக்கப்பவே இன்னொன்னுக்கு நாத்து தயாரா இருக்கணும்" என்றார். ஒரு பருவம் முழுக்க விரிவுரையில் கேட்டதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். 2000 செப்டம்பரில் தியூங்சாட்-1, பிரிட்டன் நிறுவனத்தின் துணையோடு உருவாகி, பைக்கோனூரிலிருந்து ஏவப்பட்டது. அடுத்தது ரசாக்சாட். கொரிய நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு, 2009 ஜூலையில் மார்ஷல் தீவுகளிலிருந்து பால்கன் 1 ஏவுகணையில் சென்றது. அதன் பாதை அழகான யோசனை. துருவங்களைச் சுற்றாமல் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றி, நம் வானத்தை ஒரு நாளில் பலமுறை கடப்பது. ஒருமுறை மேகம் மறைத்தாலும் அடுத்த முறை திறந்திருக்கலாம் அல்லவா? 2.5 மீட்டர் வரை நுணுக்கமாகப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. மூன்றாண்டு இயங்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஓராண்டளவில் பயனற்றுப் போனது. தமிழ்ப்பள்ளியில் புதிர்ப்போட்டிக்காக அதன் பெயரை நான் மனப்பாடம் செய்தபோது அது ஏற்கெனவே மௌனமாகியிருந்தது. ரசாக்சாட்-2 பற்றிப் பேசினார்கள்; அது விண்ணுக்குச் செல்லவே இல்லை. 2025 ஜனவரியில் உஸ்மாசாட்-1 ஏவப்பட்டது. அது தனியார் நிறுவனத்தின் முயற்சி.

கருவி பழுதாவது எந்த நாட்டுக்கும் நேரும். லேண்ட்சாட் 6 கடலில் விழவில்லையா? ஆனால் அங்கே வரிசை அறுபடவில்லை. இந்தியாவும் 1988இல் ஐஆர்எஸ்-1ஏவை அனுப்பி, 1991இலேயே அதே வகைக் கருவிகளோடு 1பியை அனுப்பியது. 2003, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் ரிசோர்ஸ்சாட் வரிசை அந்தப் பணியைத் தொடர்ந்தது. வரிசை இருந்தால் ஒன்றின் தோல்வி பாடமாகும். வரிசை இல்லையென்றால் தோல்வி மட்டுமே மிஞ்சும். கற்றுக்கொண்ட பொறியியலாளர்களும் திசைக்கு ஒருவராய்ப் பிரிந்துவிடுவார்கள். அடுத்த முறை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறர் வரிசையை நம்பி நாம் உறங்கிவிடவும் முடியாது. மூன்று செயற்கைக்கோள்களாகத் திட்டமிடப்பட்ட லேண்ட்சாட் நெக்ஸ்ட், செலவு மிகுதி என்று கூறி மறுசீரமைக்கப்பட வேண்டும் என 2025 மே மாத அமெரிக்க வரவுசெலவுத் திட்ட முன்மொழிவு சொன்னது. அவர்கள் பணம், அவர்கள் முடிவு. ஆனால் மேகம் நம்முடையது, வெள்ளமும் நம்முடையது. 2006 டிசம்பரில் கோத்தா திங்கியும் 2023 மார்ச்சில் சிகாமட்டும் மூழ்கியதை ஜொகூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

படிக்கும் தம்பி தங்கைகளே, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம்மில் பலர் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றே கனவு காண்கிறோம். நல்ல கனவுகள்தாம். விண்வெளித் துறையையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். மலேசிய விண்வெளி நிறுவனம் 2019இல் உருவானது. நிறுவனம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பாதையா, மேகத்தை ஊடுருவும் ரேடாரா, பழைய படங்களோடு எப்படி இணைப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட ஆள் வேண்டும். ஒரு கோளைப் பற்றி மட்டுமல்ல, அதற்கு அடுத்த கோளைப் பற்றியும் அன்றே யோசிக்கிற ஆள் வேண்டும்.

இன்றும் எங்கோ ஒரு தோட்டம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஆற்றங்கரையில் சில லயங்கள் இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தோட்டத்துப் பேரனோ பேத்தியோ தேடும்போது, அந்த ஆண்டின் படம் இருக்க வேண்டும்.