எழும்போது இருளும் கண்

அரபு மருத்துவ நூல்களில் 'துவார்' என்று ஒரு சொல்லும் 'ஸதர்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. நம்மவர் இரண்டையும் 'தலைச்சுற்று' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். இப்னு ஸீனா (ரஹ்) அவர்களோ தமது 'கானூன்' நூலில் இவற்றை வேறுபடுத்தியுள்ளார்கள். சூழவுள்ள பொருள்கள் சுழல்வதாகத் தோன்றுவது துவார். எழுந்து நிற்கையில் கண் இருண்டு விழப்போகும் நிலை ஸதர். எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்குவதாக இன்றைய மருத்துவர் கூறும் நோயின் அடையாளமும் இதுவே.

மரக்காணத்து உப்பளங்களைக் கோடையில் கண்டவர்க்கு இந்நோயை விளக்குவது எளிது. மேலே வெயில், கீழே உப்பின் வெண்மையில் பட்டு மீண்டும் முகத்தில் அறையும் ஒளி. பாத்தியில் குனிந்து உப்பை அள்ளிக் கூடையை நிரப்பியவர் நிமிர்கிறார். ஒரு கணம் உலகம் கறுத்துவிடுகிறது. உப்பின் நடுவே நிற்பவரின் உடலிலிருந்து வியர்வையாக வெளியேறுவதும் உப்பும் நீருமே. ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லாமையால் குடிநீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களின் நிலை இன்னும் கடினம். இதனைப் 'பலவீனம்' என்று கூறிக் கடந்துவிடுவது நியாயமாகாது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து நாளங்களிலும் இதயத்தை ஒட்டிய பெருநாளத்திலும் அமைந்துள்ள நுண்ணிய நரம்பு முனைகள் இதனை உடனே உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. இதயத் துடிப்பு விரைகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. சில நொடிகளுக்குள் முடியும் இவ்வேலையை நாம் அறிவதே இல்லை. உடலில் நீர் குறைந்தாலும், வெப்பத்தால் குழாய்கள் விரிந்திருந்தாலும், முதுமையாலோ நீண்டகால நீரிழிவாலோ நரம்புகள் தளர்ந்திருந்தாலும் இவ்வேலை தாமதப்படும். அத்தாமதமே கண்ணின் இருள்.

பள்ளிவாசலில் இது வெளிப்படும் இடம் ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும் வேளை. நாற்பது ஆண்டுகளாக முதல் வரிசையில் நின்று தொழுத பெரியவர் ஒருவரை நான் அறிவேன். எழும்போது தூணைத் தொட்டுக்கொள்வார். காரணம் கேட்டால் சிரித்து மழுப்புவார். நாற்காலியில் அமர்ந்தால் ஊரார் 'மௌத்துக்கு நெருங்கிவிட்டார்' என்பார்களாம்! ஒருநாள் அஸர் தொழுகையில் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் பள்ளிக்கு வரவே இயலவில்லை.

மார்க்கம் இத்தகையோரை நெருக்கடியில் விடவில்லை. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அனுமதித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முயீன்', நமது மதரஸாக்களில் ஓதப்படும் நூல். நின்றால் தலை சுற்றும் என்று அஞ்சும் கப்பல் பயணி உட்கார்ந்து தொழுவதை அந்நூல் வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறது. கடற்கரை மக்களுக்காகக் கடற்கரையில் எழுதப்பட்ட சட்டமன்றோ! மேலும் இரண்டாம் ஸஜ்தாவுக்குப் பின் சற்றே அமர்ந்து எழுவது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத். ஹனஃபி மத்ஹபில் அவ்வழக்கம் இல்லையெனினும் இயலாதவர்க்குத் தடையில்லை. இமாம்கள் அந்தச் சிறு இருப்புக்கு இடம் தந்து நிதானமாகத் தொழவைத்தால் முதியோருக்குப் பேருதவியாகும்.

ரமளானில் பலர் வியப்பது ஒன்றுண்டு. 'பகலெல்லாம் நன்றாக இருந்தேன். வயிறார நோன்பு திறந்த பிறகு தராவீஹில் தள்ளாடுகிறதே!' என்பார்கள். வயிறு நிறைந்ததும் செரிமானத்திற்காகக் குடலுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்கிறது. முதியோருக்கு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் வரை அழுத்தம் தாழ்ந்திருக்கக்கூடும். அவ்வேளையில் இருபது ரக்அத்துக்கு ஏறத்தாழ இருபது முறை தரையிலிருந்து எழுகிறோம். அளவாக உண்டு, நீரும் கஞ்சியும் சிறிது சிறிதாக அருந்துவது நலம்.

இரத்தக் கொதிப்புக்கான மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, முதிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்திற்காகத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியனவும் இதனை உண்டாக்கும். தாமாக அவற்றை நிறுத்துதல் ஆபத்து. ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்பைக் கூட்டுவதும் அவ்வாறே. கொதிப்பு உள்ளவர்க்கும் சிறுநீரக நோயாளிக்கும் அது தீங்காகலாம். உட்காரவைத்து மட்டும் அழுத்தம் பார்த்தால் இக்குறை புலப்படாது. ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒருமுறையும், நின்றபின் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பார்க்கும்படி கேளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது இந்நோயே. ஸஹருக்கு எழுவோர் கட்டிலின் விளிம்பில் ஓரிரு நிமிடம் அமர்ந்து, கணுக்காலை அசைத்துவிட்டு எழுவது நன்று.

எவரேனும் மயங்கி விழுந்தால், கைத்தாங்கலாக நிமிர்த்தி நிற்கவைப்பதும் வாயில் சோடாவை ஊற்றுவதும் ஊர் வழக்கம். இரண்டும் தவறு. அடிபடவில்லை எனில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும். இரத்தம் தலைக்குத் திரும்பும். முகம் தெளிந்த பிறகு முதலில் உட்காரவைத்து, பின்னரே எழுப்ப வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கூடவே இருந்தாலும், ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலும், தாமதியாமல் 108 வண்டியை அழைத்துவிடுங்கள்.