வடக்கு வெயில்

இந்த வீட்டை நாங்கள் 2004இல் வாங்கினோம். மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே நோபிள் பார்க்கில், ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடையில் ஒரு செங்கல் வீடு. முன்னால் ஒரு துண்டுப் புல், பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பி, பின்வளவைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. அந்தக் கதவால் வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வரும், எவ்வளவு தூரம் வரும், எந்தச் சுவரில் போய் முடியும் என்பதெல்லாம் 2020 யூலை வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் அந்த வீட்டுக்குக் கடன் கட்டியிருந்தேன். அதன் பகலைப் பார்த்திருக்கவில்லை.

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் மாலை ஆறரைக்குத் திரும்புவேன். குளிர்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு வருவதுதான். சனிக்கிழமை மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், அது முடிய நடன வகுப்பு, இடையில் கடை. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரின் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து என்னோடு வந்த பெண்கள் எல்லாரும் இப்படித்தான் ஓடினோம். வீடு என்பது உடுப்புத் தோய்க்கவும் படுக்கவும் ஓர் இடம்.

மார்ச் கடைசியில் வந்த முதல் கொரோனா முடக்கம் ஒரு மழைக்கு ஒதுங்கி நின்றதுபோலக் கழிந்துவிட்டது. யூலை 8 நள்ளிரவோடு தொடங்கிய இரண்டாவதுதான் வீட்டுக்குள் வந்து குடியிருந்தது. ஓகஸ்ட் 2ஆம் திகதியிலிருந்து இன்னும் இறுக்கினார்கள். இரவு எட்டு மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஊரடங்கு. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போக முடியாது. நடக்கவோ ஓடவோ நாளுக்கு ஒரு மணித்தியாலம். வீட்டுக்கு ஒருவர், நாளுக்கு ஒருமுறை கடைக்குப் போகலாம். அந்த வாரத்தில் ஒரே நாளில் 700க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அப்போதைய மாநில முதல்வர் டானியல் அன்ட்ரூஸ் இடைவிடாமல் 120 நாட்கள் செய்தியாளர்கள் முன்னால் வந்து நின்றார். அவர் எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் குசினியில் உலை ஏறும்.

என் அலுவலகம் வீட்டுக்கு வந்தது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அறைக் கதவு மூடியே இருக்கும். நான் ஒரு மடக்கு மேசையைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, அது வெயில் வாற இடம். பத்தரைக்கு உன்ரை கண்ணுக்குள்ளை அடிக்கும்" என்றார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தரைக்குக் கணினித் திரை வெளிறியது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

மேசையை நகர்த்தக் குனிந்தபோதுதான் கம்பளத்தைக் கவனித்தேன். கதிரைக் கால்கள் அழுத்திய குழிகள், நான்கு நான்காக, நான்கு இடங்களில். கதவுக்கு மேற்குப் பக்கமாக ஒரு நான்கு, அங்கிருந்து இரண்டடி தள்ளி அடுத்தது, பிறகு சுவாமித் தட்டுக்குக் கீழே, கடைசியாகச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். எத்தனையோ தரம் அந்தக் குழிகளின் மேல் தூசி உறிஞ்சியை இழுத்திருக்கிறேன். அன்று பின்னேரம் வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். தன் கதிரையை வெயிலோடு வெயிலாக நகர்த்திக்கொண்டு போனார். மூன்றே முக்காலுக்குக் கடைசிக் குழியில் கதிரை நின்றது. நாலரைக்கு வெயில் வேலிக்கு அப்பால் போக, எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

அம்மா 2011இல் எங்களிடம் வந்தார். கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் பேச வராது. நாங்கள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனால் பன்னிரண்டு மணித்தியாலம் தனியே. மதியத்தில் ஒருமுறை அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்து, "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்பேன். "ஓம்" என்பார். அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். 2020இல் நாங்கள் எல்லாரும் முடக்கம் என்று பெயர் சொல்லிப் புலம்பியதை, என் அம்மா அதே வீட்டில் ஒன்பது வருடமாகப் பெயரில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். பெற்றோரை ஸ்பொன்சர் செய்து அழைத்து வந்த எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. நாங்கள் அதைப் பேசுவதில்லை.

"உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் ஒருநாள், பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு. "எனக்கு இப்ப வீடு நிறைஞ்சு கிடக்கு." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போட்டேன். மதிய இடைவேளையை அங்கே கழிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் பெரும்பகுதி மதியச் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சாய்ந்து நிற்கும். பூமியின் தென்பாதியில், இந்த நகரத்தில், மதியச் சூரியன் எப்போதும் வடக்கு வானத்தில்தான் நிற்கும். வடக்குப் பார்த்த வீடென்று இங்கே விளம்பரம் செய்வதன் பொருள் இதுதான். வாங்கும்போது முகவர் அதைச் சொன்னது நினைவிருக்கிறது; எனக்கு அப்போது ரயில் நிலையத்தின் தூரம்தான் கணக்கு. யூலையில் சூரியன் நண்பகலிலும் முப்பத்தைந்து பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் வெயில் கண்ணாடியால் சரிந்து பத்தடி வரைக்கும் உள்ளே வந்து கிடக்கும். வெளியே எட்டோ ஒன்பதோ பாகைக் குளிர். கண்ணாடிக்கு உள்ளே, அந்தப் பத்தடிக்குள் மட்டும், எங்கள் ஊர் மார்கழிக் காலை.

அம்மா அந்தப் பத்தடியை ஒரு முற்றமாகவே வைத்திருந்தார். ஸ்பிரிங்வேல் சந்தைப் பக்கம் எங்கள் ஐந்து கிலோமீற்றருக்குள் இருந்தது பெரிய பாக்கியம். வியட்நாமியக் கடைகளில் பச்சை மிளகாயும் வாழைப்பொத்தியும் முருங்கை இலையும் கிடைக்கும். வாங்கி வந்த மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்து, பேக்கிங் தட்டுகளில் பரப்பி, கதிரை போகும் வழியிலேயே தட்டுகளையும் நகர்த்திக்கொண்டு போவார். இரவில் மோருக்குள், பகலில் வெயிலுக்குள். ஊரில் நான்கு நாளில் காய்வது இங்கே பத்து நாள் பிடித்தது. மகள் அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஒரு தட்டை அரையடி தள்ளிவிட்டுப் போகப் பழகினாள். பாட்டி கண் மறைப்பில் ஒன்றிரண்டைப் பச்சையாகவே எடுத்துக் கடித்துவிட்டு ஓடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கம்போடியர், எழுபது தாண்டியவர். அத்தனை வருடத்தில் கையை உயர்த்திக் காட்டியதைத் தவிர எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லை. அவருடைய எலுமிச்சை மரம் குளிர்காலத்தில்தான் காய்த்துச் சொரியும். ஓகஸ்டில் ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு வாளி எலுமிச்சை வந்தது, முகக்கவசத்துக்கு மேலே சிரிக்கும் கண்களோடு. அம்மா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இது தேசிக்காய் இல்லை. தோல் மொத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். என்றாலும் நாலாக வெட்டி உப்பிட்டு வெயிலில் வைத்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு போத்தல் ஊறுகாயை வேலிக் கட்டையில் வைத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்து நின்றேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். தங்கள் ஊரிலும் தேசிக்காயை உப்பிட்டு வெயிலில் வைத்துக் கோழி சூப்பில் போடுவார்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். தன் தாய் செய்ததற்குப் பிறகு இப்போதுதான் இந்த மணம் என்றார். 1975க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தாயைப் பற்றி நான் மேலே கேட்கவில்லை.

என் கணவருக்கு அப்போது ஒரு சுப்பர்மார்க்கெட்டின் குளிர்க் களஞ்சியத்தில் இரவு வேலை. அது நிற்கவில்லை. ஓகஸ்ட் 6இலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் முதலாளி ஒப்பமிட்ட அனுமதிக் கடிதத்தோடு போகவேண்டும் என்று சட்டம் வந்தது. அவர் வாசலில் சப்பாத்துப் போடும்போது அம்மா ஒவ்வொரு இரவும் கேட்பார்: "தம்பி, பாஸ் எடுத்தனீங்களோ?" பாஸ் என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர, முதலில் புலிகள் இயக்கத்திடமும் 1996க்குப் பிறகு இராணுவத்திடமும் அதற்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

ஊரடங்கும் அப்படித்தான். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தின் ஊரடங்கில் அடைபட்டிருந்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்போது எட்டு மணிக்குப் பிறகு தெருவில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வயிறு கலங்கும். இங்கே எட்டு மணிக்குப் பிறகு தெரு ஓய்ந்தபோது, முதல் இரண்டு இரவும் என் உடம்பு அந்தப் பழைய சத்தத்துக்காகக் காத்திருந்தது. மூன்றாம் இரவு ஒரு பொசம், இந்த நாட்டு மரவிலங்கு, கூரைமேல் ஓடியது. அம்மா, "அது பொசம், படு" என்றார். பகலெல்லாம் தனியே இருந்து இந்த வீட்டின் சத்தங்களை எல்லாம் படித்து வைத்திருந்தார்.

அவருடைய கட்டிலுக்குக் கீழே ஐந்து கிலோ சீனியும் மெழுகுதிரியும் ஒரு கட்டு நெருப்புப்பெட்டியும் எப்போதும் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் துளித்துளியாய் மண்ணெண்ணெய் எரித்தவர், பனங்களியால் உடுப்புத் தோய்த்தவர், சைக்கிள் டைனமோவைச் சுற்றவைத்து வானொலி கேட்ட வீட்டுக்காரி. இங்கே எதற்கம்மா இதெல்லாம் என்று முன்பு கடிந்திருக்கிறேன். மார்ச்சில் கடைத் தட்டுகள் வெறுமையானபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீனியை எடுத்து என் போத்தலில் நிரப்பி வைத்தார்.

இந்தச் சுகங்களை எழுதும்போது என் கை தயங்கும் இடங்கள் உண்டு. யூலை 4ஆம் திகதி பிளெமிங்டனிலும் நோர்த் மெல்பேர்ணிலும் ஒன்பது அரசு அடுக்குமாடிகளை, சொன்ன கையோடு பொலிசை நிறுத்தி மூடினார்கள். உள்ளே ஏறக்குறைய 3,000 பேர். பலர் போர்களிலிருந்து தப்பி வந்தவர்கள். வீட்டு வாசலில் சீருடை வந்து நிற்பது என்றால் என்னவென்று முன்பே தெரிந்தவர்கள். முன்னறிவிப்பின்றி அப்படி அடைத்தது அவர்களின் மனித உரிமைக்கு எதிரானது என்று மாநிலக் குறைகேள் அதிகாரி அந்த வருடம் டிசம்பரில் அறிக்கை வைத்தார். அந்த மாடிகளில் பின்வளவு இல்லை, வேலிக்கு மேலால் எலுமிச்சை வர வழியில்லை. இந்த மாநிலத்தில் அந்த வருடம் இறந்த 800க்கு மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள், என் அம்மாவின் வயதினர். பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி வந்த இரவுகளில் நான் எழும்பிப் போய் அம்மாவின் அறை வாசலில் நின்று மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டு வருவேன்.

அந்த ஒரு மணித்தியால நடை எங்களுக்குக் கோயில் போலானது. உண்மையான கோயில், கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு, ஐந்து கிலோமீற்றருக்கு வெகு அப்பால். அம்மா மெதுவாக நடப்பார். தெருமுனைக்குப் போய்வரவே அரைமணி ஆகும். ஓகஸ்ட் நடுவில் ஒரு வீட்டு முன்றிலில் மரம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. இங்கே வாட்டில் என்பார்கள், அவுஸ்திரேலியாவின் தேசியப் பூவின் இனம். அம்மா ஒரு கொப்பைப் பிடித்து இழுத்து, "இது எங்கடை வேலம்பூவெல்லோ" என்றார். தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே குடும்பம்தான். பதினாறு வருடமாக அதைத் தாண்டிக் கார் ஓட்டியிருக்கிறேன். நடைபாதை ஓரங்களில் பிள்ளைகள் மரக்கரண்டிகளுக்குக் கண் மூக்கு வைத்துச் சட்டை போட்டு மண்ணில் நட்டு, சின்னக் கிராமங்கள் செய்திருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து ஓர் அகப்பைக்குப் பொட்டு வைத்து, பட்டுத்துண்டு ஒன்றைச் சேலையாகச் சுற்றித் தந்தார். அதையும் கொண்டுபோய் வரிசையில் நட்டோம்.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா அந்த வருடமும் இருபத்தைந்து நாளும் நடந்தது. எங்களுக்கும் ஊருக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை ஏழு மணிக்கு முருகன் வெளிவரும்போது இங்கே பதினொன்றரை, வெயில் கம்பளத்தின் நடுவில் நிற்கும் நேரம். கைபேசியை மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கதிரையிலும் இருந்து பார்த்தோம். அம்மா திருநீறு பூசி, வெறுங்காலோடு இருப்பார். தேரன்று நான் அலுவலகத்துக்குச் சுகமில்லை என்று சொல்லாமல், திருவிழா என்றே சொல்லி விடுப்பு எடுத்தேன். இந்த நாட்டில் நான் அப்படிச் சொல்லி எடுத்த முதல் விடுப்பு அது.

செப்ரெம்பர் வர வெயில் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. சூரியன் உயர உயர, கூரையின் நிழல் கதவில் இறங்கியது. முதலில் சாப்பாட்டு மேசையை விட்டது, பிறகு சுவாமித் தட்டை. ஒக்ரோபர் 26இல் புதிய தொற்று ஒன்றும் இல்லை, இறப்பு ஒன்றும் இல்லை என்று அறிவித்தபோது மகள் அறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்த நாள் நள்ளிரவோடு வீட்டை விட்டுப் போகலாம் என்றானது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அப்போது ஒரு முழ வெயில்தான் மிச்சம் இருந்தது.

28ஆம் திகதி காலை நான் மேசையில் இருந்து நிமிர்ந்து பார்க்கிறேன், அம்மா கதவைத் திறந்துகொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிறார். பிறகு தன் கதிரையை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, என்னைக் கேட்காமலே, மற்றதையும் இழுத்துக்கொண்டு போனார்.