சீலைக் குறை சொல்லாதீர்கள்

அறந்தாங்கியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இரண்டு விதமான வண்டிகள் வரும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து உப்புக்காற்றில் கிடந்தவை ஒரு விதம். திருமயம், புதுக்கோட்டை பக்கமிருந்து குவாரித் தூசியும் செம்மண்ணும் அப்பி வருபவை இன்னொரு விதம். இரண்டுக்கும் புகார் ஒன்றுதான்: “அண்ணே, முன்னாடி ஷாக் போயிருச்சு.” போனது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

முன்பக்க ஷாக்கான ஃபோர்க்குக்குள் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங்கைத் துள்ள விடாமல் பிடித்து வைப்பது ஆயில். சிறு துளைகள் வழியே நெருக்கியடித்து ஓட வேண்டியிருப்பதால் அது ஆட்டத்தை அடக்குகிறது. இப்படி ஆயிலால் அடங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை உற்பத்தி வண்டியில் முதலில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ, 1935இல், ஆர்12 வண்டியில். இன்று நம் தெருவில் ஓடும் ஸ்பிளெண்டரிலும் அடிப்படை அதுதான்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை பலமாக அமுக்கி விடுவேன். எழுந்து நின்றுவிட்டால் ஆயில் நன்றாக இருக்கிறது. எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தால் குறைந்திருக்கிறது, இல்லை நீர்த்துவிட்டது. ‘டக்’கென்று சத்தம் மட்டும் வந்தால் உடனே ஃபோர்க்கைப் பிரிக்க மாட்டேன். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவேன். லூஸ் கழுத்தில் தெரிந்தால் அங்குள்ள பேரிங்கான கோன் செட்தான் காரணம். ஃபோர்க் விறைத்து, தயங்கித் தயங்கி இறங்கினால் அதன் பைப் வளைந்திருக்கலாம். அல்லது பஞ்சர் பார்த்துச் சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் கோணலாக இறுகியிருக்கலாம். ஆக்சிலைத் தளர்த்தி, சிலமுறை அமுக்கி விட்டு, மறுபடி இறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். காசு வாங்க மனம் வராத வேலை அது.

“சீல் மாத்தி மூணு மாசம்கூட ஆகலண்ணே, திரும்ப ஒழுகுது” என்று மீன்பெட்டி கட்டி ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். ஃபோர்க் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீல் டூப்ளிகேட் என்பது அவர் முடிவு. பைப்பைத் துணியால் துடைத்துவிட்டு அதன் மேல் நகத்தை மெதுவாக இழுத்தேன். சீல் உரசும் இடத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு புள்ளியில் நகம் தட்டியது. அவரையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். உப்பும் ஐஸ் தண்ணீரும் குரோமைத் தின்று உண்டாக்கிய துருக்குழி. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் விளிம்பு சீலின் உதட்டை அறுக்கிறது. எந்தக் கம்பெனி சீலைப் போட்டாலும் கதி அதேதான். குழி சிறிதென்றால் நைசான வாட்டர் பேப்பரால் விளிம்பை மழுக்கலாம். ஆழமென்றால் பைப்பையே மாற்ற வேண்டும், அவருக்கு மாற்றினோம். அப்புறம் பார்க்கலாம் என்று ஒழுகலைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் கறாராகவே பேசுவேன். அந்த ஆயில் பிரேக் பேடில் பட்டால் வண்டி நிற்காது.

குவாரிப் பக்கத்து வண்டிகளில் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ஆயில் உள்ளேயே செத்திருப்பதும் உண்டு. வடித்தால் சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு, அடியில் மினுமினுக்கும் இரும்புத் தூளோடு வரும். தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் ஓட்டுகிறவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்பென்று இறங்குவதை வண்டியின் சுபாவம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

“கெட்டியான ஆயிலா ஊத்துங்கண்ணே” என்பார்கள் சிலர். துள்ளல் அடங்கும்தான். ஆனால் துளை பழைய துளைதானே? அதன் வழியே ஆயில் பாயும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். கெட்டி ஆயிலில் அது இன்னும் கூடி, சிறு கல்லின் அடிகூட நேராகத் தோளுக்கு வரும். அடுத்தடுத்து வரும் வேகத்தடைக் கோடுகளில் ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த கோடு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் அமுங்க இடமில்லாமல் நிற்கும்.

அதனால் கம்பெனி சொன்ன தரம், சொன்ன மில்லி. ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டு பக்கமும் வடித்து, சமமாக அளந்து ஊற்றுவேன். மேலும் கீழும் அசைத்துக் காற்று வெளியேறிய பிறகுதான் மூடியைப் போடுவேன்.