அத்தாவின் ஒலிநாடாக்கள்



நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்கள் 1999 ஏப்ரல் 13 அன்று காலமானார்கள். செய்தி வந்த நாளில் எங்கள் அத்தா, ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து நாளிதழும் கையுமாக உத்தனப்பள்ளி வீட்டுக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து, "இன்னா லில்லாஹி" என்றார்கள். சொந்தத்தில் யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்றுதான் பிள்ளைகள் நாங்கள் நால்வரும் எண்ணினோம்.

அத்தா திருச்சிக்காரர்கள். வியாபாரத்துக்காக இந்த எல்லைப் பகுதிக்கு வந்தவர்கள். தெருவில் தெலுங்கும் கன்னடமும், பள்ளிவாசலில் உருதும் புழங்கிய ஊரில், எங்கள் வீட்டுத் தமிழ் தனித்துத்தான் ஒலித்தது. இளமையில் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்று கேட்ட நாகஸ்வரமே அத்தாவுக்கு ஊர் நினைவாக இருந்தது.

சின்ன மௌலானா சாகிப் அவர்கள் பிறந்தது 1924இல், ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில். தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, அந்தத் தஞ்சைப் பாணியைக் கற்க நாச்சியார்கோயில் சகோதரர்கள் ராஜம், துரைக்கண்ணு ஆகியோரிடம் மாணவரானார்கள். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார்கள். 1977இல் பத்மஸ்ரீ. சென்னை மியூசிக் அகாதெமியின் 1998ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற சில மாதங்களிலேயே மறைவு. இந்த விவரங்களையெல்லாம் அத்தாவிடம் கேட்டே நாங்கள் அறிந்திருக்கலாம். கேட்கவில்லை, பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம்.

அத்தாவுக்கு இதில் ஒரு கூட்டாளி உண்டு. ஊர்க் கோயிலில் நாகஸ்வரம் வாசித்த பெரியவர். அத்தா அவரை 'அய்யா' என்பார்கள். அவர் அத்தாவை 'பாய்' என்பார். மஃரிபு தொழுதுவிட்டு அத்தா வந்தால், சிறிது நேரத்தில் அவரும் வந்துவிடுவார். டேப் ரிக்கார்டர் ஓடும்போது பேச்சு கூடாது. ராக ஆலாபனை முடிந்த பிறகே தேநீர். மூச்சை எங்கே எடுத்தார், எப்படி எடுத்தார் என்று பெரியவர் விளக்குவார். ஒருமுறை மடியிலிருந்து சீவாளியை எடுத்து எங்களிடம் காட்டி, இந்தத் துண்டு நாணல் பேசாவிட்டால் அவ்வளவு நீளக் குழலும் வெறும் மரம்தான் என்றார்.

அன்றும் அவர் வந்தார். வழக்கம்போல் ஒலிநாடா சுழன்றது. இருவர் கண்களும் கலங்கியிருந்தன. அப்போது எங்களில் மூத்தவர் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தார், விடுமுறைக்கு வந்திருந்தார். கேட்டது அவர்தான் என்றாலும் கேள்வி எங்கள் எல்லோருடையதும்: "வாத்தியம் ஆகாது என்று ஆலிம்கள் சொல்லும்போது, ஒரு வாத்தியக்காரருக்காகவா அழுகிறீர்கள்? அதுவும் கோயிலில் வாசித்தவருக்காக?"

அத்தா பதில் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி நிறுத்தினார்கள். பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன் பாய்" என்று இறங்கிப் போனார். அதன்பின் எங்கள் வீட்டில் நாகஸ்வரம் ஒலிக்கவே இல்லை.

இசையின் மார்க்கச் சட்டத்தை இங்கு விவாதிக்க நாங்கள் வரவில்லை. அதற்குரிய இல்மு எங்களிடம் இல்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள்; கடுமையாக மறுத்த அறிஞர்களும் நிறைய உள்ளனர். எங்களில் இருவர் இன்றும் இசை கேட்பதில்லை. ஆனால் அன்றைய பேச்சை நினைத்தால் நால்வருக்கும் தலை குனிகிறது. பெற்றோரிடம் கடிந்து பேசுவதை விலக்கும் வசனத்தை மனனமாக ஓதியவர்கள்தாம், வீடு தேடி வந்த விருந்தாளிக்கு முன்னால் தந்தையை அப்படிக் கேட்டோம்.

2019இல் அத்தா வஃபாத்தானார்கள். நாற்பது நாள்கள் கழித்து அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கணக்கு நோட்டுகளுக்கு அடியில் பதினான்கு ஒலிநாடாக்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பென்சிலால் சிறிய எழுத்தில் தேதிகள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தங்கைதான் வாசித்துப் பார்த்துச் சொன்னாள்: 'மண்டி, இரவு 2 மணி.' 'மண்டி, லோடு வரும் முன்.' அத்தனையும் 1999க்குப் பிந்தியவை. விலை கேட்டு அலையும் விவசாயிகளுக்கும் கூடைகளுக்கும் நடுவே, பிள்ளைகள் காதில் விழாத இடமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

இவற்றை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு முற்றியது. அழித்துவிடலாம் என்றார் ஒருவர். தங்கை பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு எழ மறுத்தாள். முடிவில் பெரியவரின் வீட்டுக்கே கொண்டுபோனோம். அவரும் மறைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். முகூர்த்த நாள்களில் விடுப்பெடுத்து வாசிக்கப் போகிறார். "பாய் தாத்தா கேசட்டா?" என்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அண்டை வீட்டிலிருந்து பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றும் வந்தது.

நாடா இரைந்தது, பிறகு குழல் எழுந்தது. இசை கேட்காத எங்களில் இருவர் எழுந்து வெளியே வந்தோம். வாசல்படி வரைதான் வந்தோம். தெருவில் இறங்காமல், அது முடியும் வரை அங்கேயே நின்றிருந்தோம்.