பி.பி. மெஷினை பீரோவில் பூட்டிய நாள்

இரவு ஒன்றரை மணிக்கு ஆட்டோ தேடி நான் தெருவில் நின்றது அது நான்காவது முறை. உள்ளே கட்டிலில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கை விரல்களில் நடுக்கம். "இந்தத் தடவை தப்ப மாட்டேன்மா" என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு வந்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினையும் பரிசோதித்தார்கள். எல்லாம் நார்மல். விடியற்காலையில் திரும்பி வந்து, பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தோம். வாசலில் தூங்காமல் உட்கார்ந்திருந்த என் மாமியார், மகனின் நெற்றியில் விபூதி பூசினார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை.

எங்களுக்குத் திருத்தணி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்ன ஸ்டேஷனரி கடை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கு, மற்றவர்களிடம் தமிழ் என்று இரண்டு மொழியிலும் வியாபாரம் ஓடும். வீட்டில் அத்தை பேசுவது தெலுங்குதான். என் கணவரின் அண்ணன் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருந்தார். ஒருநாள் காலை தறிக்கொட்டகையிலேயே மயங்கி விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு 51 வயது, என் கணவருக்கு அப்போது 47.

காரியம் முடிந்து ஆறாவது மாதம் அவருக்கு முதல் 'அட்டாக்' வந்தது. அந்த வார்த்தையை அப்போது நாங்கள் எல்லோருமே சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்கு வந்ததால் தம்பிக்கும் வரலாம் என்ற பயம் டாக்டருக்கும் இருந்தது. டிரெட்மில் டெஸ்ட் எழுதினார். வேகம் கூடியதும் இவர் பயந்துபோய்ப் பாதியிலேயே இறங்கிவிட்டார். அதனால் சென்னையில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பேச்சு வழக்கில் அதற்கு 'தாலியம் ஸ்கேன்' என்று பெயர். இப்போது பெரும்பாலும் தாலியத்துக்குப் பதில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்களாம். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும்.

விஷயம் எளிமையானது. மிகக் குறைந்த அளவு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். இதயத் தசையில் எங்கெல்லாம் ரத்தம் நன்றாகப் போகிறதோ அங்கெல்லாம் அது போய்த் தங்கும். கேமரா அதைப் படம் பிடிக்கும். ஓய்வாக இருக்கும்போது ஒரு படம், இதயத்துக்கு வேலை கொடுத்து ஒரு படம். ஓய்வில் சரியாக இருந்த இடத்தில் வேலை கொடுக்கும்போது மட்டும் ரத்தம் குறைந்தால், அங்கே அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம்.

ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து ரத்தக் குழாய்களை விரியச் செய்வார்கள். அதற்கு முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது. அவற்றில் இருக்கும் காஃபின் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. தினம் நாலு டம்ளர் காபி குடிக்கிற மனுஷன், மெஷினைவிட அதற்குத்தான் அதிகம் புலம்பினார்.

மருந்து ஏறியதும் முகம் சூடாகி, நெஞ்சு இறுக்கி, மூச்சு முட்டியதாம். ராத்திரியில் வருகிற அதே உணர்வு. சில நிமிஷத்தில் தானாக அடங்கியும் விட்டதாம். ரிப்போர்ட்டில் இதயம் முழுக்க ரத்த ஓட்டம் ஒரே சீராக இருந்தது. "உங்க இதயத்துக்கு ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே மலைக்குப் போய் அர்ச்சனை செய்தோம். படியேறவில்லை, ஆட்டோவில்தான் போனோம்.

பதினைந்தே நாள். மறுபடியும் இரவு ஒன்றரை மணி.

இந்த முறை டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கு. மனநல மருத்துவரைப் பாருங்க." வீட்டில் பெரிய சத்தம். "நா கொடுக்குக்குப் பிச்சியா?" என்று அத்தை அழுதார். என் பையனுக்குப் பைத்தியமா என்று கேட்கிறார். என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நிஜமாகவே நெஞ்சு வலிக்கிறவரிடம் மனசு டாக்டரைப் பார் என்றால், நீ நடிக்கிறாய் என்று சொன்ன மாதிரிதானே இருக்கும்?

ஒரு மாசம் தள்ளிப்போட்ட பிறகு, சோளிங்கர் வழியாக பஸ் பிடித்து வேலூருக்குப் போனோம். மனநல மருத்துவர் குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார். கூடவே சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்காக ஒரு உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்த மேடம் கேட்ட முதல் கேள்வியே எங்களுக்கு ஆச்சரியம். "வீட்ல யார் யார் இருக்கீங்க? அடுத்த வாரம் எல்லாருமே வாங்க."

நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் தங்கவைத்தார். அதே காலகட்டத்தில் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வந்தது.

மேடம் வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் வரைந்தார். மேலே 'படபடப்பு'. அதிலிருந்து ஓர் அம்பு, 'ஐயோ, அட்டாக்!' என்ற நினைப்புக்கு. அங்கிருந்து 'பயம்'. பயத்திலிருந்து இன்னும் அதிகப் படபடப்பு. இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது. இதை 1986-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார் என்றார். "உங்க வலி பொய் இல்ல சார். அதுக்கு நீங்க கொடுக்கிற அர்த்தம்தான் தப்பு" என்று அவர் சொன்னபோது, என் கணவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

சி.பி.டி.யை 1960-களில் உருவாக்கிய ஆரன் பெக் வேலை பார்த்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் மேடம் சொன்னார். ஆட்களை எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்கவைத்து, நாலு இலக்க எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டவும் செய்தார்கள். மூளையின் வலது முன்பகுதியில் ரத்த ஓட்டம் கூடியது. கணக்கை நிறுத்திய பிறகும் அது உடனே இறங்கவில்லை. "டென்ஷன் முடிஞ்சாலும் மூளை உடனே ஓயாது. அதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கணும். நீங்க அந்த நேரத்தைக் கொடுக்காம ஆட்டோ பிடிச்சிடறீங்க" என்றார்.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "சாருக்குப் பயம் வரக்கூடாதுன்னு நீங்க ஒவ்வொருத்தரும் என்னென்ன செய்யறீங்க? எழுதுங்க."

நான் எழுதினேன்: காலையும் இரவும் பி.பி. பார்ப்பது. தூங்கும்போது நாடி பிடித்துப் பார்ப்பது. கடைக்கு ஒரு மணிக்கொரு முறை போன் செய்வது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகன் எழுதினான்: கிரிக்கெட்டை விட்டுவிட்டு சாயங்காலம் கடையில் உட்காருவது, அப்பா மூட்டை தூக்காமல் பார்த்துக்கொள்வது. அத்தை சொல்லச் சொல்ல அவனே எழுதினான்: படியேற விடாமல் தடுப்பது, துக்க வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது, பெரியவன் பேச்சை வீட்டில் எடுக்காமல் இருப்பது.

மூன்று தாளையும் படித்துவிட்டு மேடம் சொன்னார். "எல்லாமே பாசம்தான். ஆனா ஒவ்வொண்ணும் அவர் மூளைக்கு 'ஆபத்து இருக்கு, ஆபத்து இருக்கு'ன்னு சொல்லிட்டே இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி பகலாகக் கண் விழித்துப் பார்த்தவளிடம், உன்னால்தான் அதிகமாகிறது என்றால் எப்படி இருக்கும்? பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஆனால் அன்று இரவு, தூங்கிக்கொண்டிருந்தவரின் மணிக்கட்டை நான் தொட்டதும் அவர் திடுக்கிட்டு எழுந்து "என்னம்மா, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது. நன்றாகத் தூங்கிய மனுஷனை எழுப்பிப் பயத்தைக் கொடுத்தது என் கைதான். மறுநாள் பி.பி. மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவருக்கு ரத்த அழுத்தம் இல்லை என்பதால், மருத்துவரைக் கேட்டுத்தான் அதைச் செய்தேன்.

வாரம் ஒரு நாள் குழு சிகிச்சை. ஏழு பேர். ஆற்காட்டிலிருந்து ஓர் ஆட்டோ டிரைவர், ஒரு கல்லூரிப் பெண், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா... சில நாள் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களும் கூட உட்காரலாம். ஒருநாள் எல்லோரையும் நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஓடச் சொன்னார்கள். அடுத்து, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார்கள். படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பார்க்கத்தான் இந்தப் பயிற்சி. ஆட்டோ டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுக்கா சார் நாம ஐ.சி.யு. வாசல்ல படுத்தோம்!" என்றார். அறையே சிரித்தது. என் கணவர் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் உண்மையான பரீட்சை வீட்டில்தான். மருத்துவரோடு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தோம். புதுவிதமான வலி, வேலை செய்யும்போது வரும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. பழைய ராத்திரிப் பயம் என்றால் ஓடாமல் காத்திருப்பது.

அது ஐந்தாவது வாரம் வந்தது. "ஆட்டோ கூப்பிடு" என்றார். திட்டத்தை ஞாபகப்படுத்தினேன். "நான் செத்தா உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படிப் பேசியதில்லை. என் கையும் நடுங்கியது. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாடி பிடிக்கவில்லை, விசிறவில்லை. மகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினான். ஒன்று நாற்பதுக்குத் தொடங்கியது இரண்டு மணிக்குத் தணிய ஆரம்பித்தது. இரண்டே காலுக்கு, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

கதவோரம் நின்றிருந்த அத்தை அப்போதுதான் தரையில் உட்கார்ந்து, "நா பெத்த கொடுக்கு..." என்று வாய்விட்டு அழுதார். என் மூத்த பிள்ளை என்று. அவர் செத்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. தம்பிக்குப் பயம் வந்துவிடும் என்று ஒன்றரை வருஷமாக அவர் தன் அழுகையை அடக்கி வைத்திருந்தார். என் கணவர் எழுந்து போய் அம்மாவின் மடியில் தலை வைத்தார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அண்ணனுக்காக எல்லோரும் சேர்ந்து அழுதோம். அவருடைய படம் அடுத்த வாரம் கூடத்தில் மாட்டப்பட்டது.

சூரனோடு போரிட்ட முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால்தான் இந்த ஊருக்குத் தணிகை என்று பெயர். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. தணிவதற்கும் நேரம் வேண்டும், பக்கத்தில் பொறுமையாக ஆள் வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது.

மேடம் கொடுத்த கடைசி வீட்டுப்பாடம் மலைப்படி. வருஷத்தின் நாட்களைப் போல 365 படிகள். முதல் வாரம் முப்பது படி ஏறி இறங்கினார். அடுத்த வாரம் எழுபது. ஒரு வாரம் பயந்து நாற்பதோடு திரும்பினார். அதுவும் நோட்டில் பதிவானது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் இருவரும் முழுப் படியும் ஏறினோம். முக்கால்வாசி தூரத்தில் அவர் நின்று மூச்சு வாங்கினார். என் கை பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டை நோக்கிப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"அடிக்குதா?" என்று கேட்டேன்.

"நல்லா அடிக்குது. படியேறினா அடிக்கத்தானே செய்யும்?" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

இப்போதும் பயம் எட்டிப் பார்க்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நெஞ்சு வலி வந்தால் அது மாரடைப்பா, பதற்றமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் பயம் போகவில்லை என்றால், மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படாதீர்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து போங்கள்.