உப்புத் தண்ணீருக்கு வந்த இயந்திரம்

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் நின்றுபோனது. ராசிபுரத்திலிருந்து வந்த பழுது பார்க்கும் தம்பி, தகட்டைக் கழற்றி உள்ளிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்துக் காட்டினார். தண்ணீரைச் சூடாக்கும் கம்பி அது. சுண்ணாம்பு படிந்து படிந்து முற்றிய வெண்டைக்காய் போலத் தடித்துவிட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

"இது வெள்ளைக்காரன் ஊர்த் தண்ணிக்குச் செஞ்ச மிசினுங்க. நம்ம போர்த் தண்ணிய அது எங்கீங்க கண்டுது?" என்றார்.

எழுநூறு அடியில் கிடைத்த தண்ணீர் எங்களுடையது. பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் பூமியைத் துளைக்கப் போகின்றன என்பதில் இந்த வட்டாரத்துக்குப் பெருமை உண்டு. அந்தத் தொழில் இங்கே பிறந்ததற்குக் காரணம் இங்குள்ள பாறையும் வறட்சியும்தான். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய தண்ணீர் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. சேலத்துக்கு வெளியே வெண்மையாகத் தெரியும் கரடுகளில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், உருக்காலைகளின் உலைகளுக்கு உள்பூச்சாகப் போகிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சேர்ந்ததுதான் நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடின நீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நாங்கள் 'வேறு வழியில்லை' என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் அந்தத் தம்பி சொன்னது பாதிதான் உண்மை என்று பிறகு தோன்றியது. லண்டனின் தண்ணீரும் மூனிச்சின் தண்ணீரும் கடின நீர்தான். வெள்ளைக்காரன் ஊர்த் தண்ணீர் எல்லாம் பன்னீர் அல்ல. தங்கள் ஊர் உப்பை அறிந்தே அவர்கள் சலவைத்தூளில் அதை அடக்கும் மருந்தையும் கலந்து வைத்தார்கள். நாங்கள் இயந்திரத்தை மட்டும் வாங்கி, அண்ணாச்சி கடையில் கிடைத்த கைத்துவைப்புத் தூளைப் போட்டோம். நுரை கதவின் ஓரம் வழியாக வழிந்தது. குற்றம் யாருடையது என்று சொல்வது அத்தனை எளிதல்ல.

அந்தக் கம்பி மேசைமீது கிடந்த இரண்டு நாட்களும் எங்களுக்குள் இதே பேச்சாக இருந்தது. அழுக்கு எங்கும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒவ்வொரு நாட்டிலும் துவைக்கும் இயந்திரம் ஒவ்வொரு விதமாக இருக்கிறது?

ஐரோப்பிய இயந்திரத்துக்கு முன்பக்கம் வட்டக் கதவு. உருளை படுத்த நிலையில் சுழல்கிறது. துணி மேலே போய்க் கீழே விழுகிறது, அந்த விழுதலே அடித்துத் துவைப்பது. தண்ணீர் குறைவாகச் செலவாகிறது. குளிர்ந்த நீர்க் குழாய் ஒன்று போதும், வெந்நீரை அதுவே போட்டுக்கொள்கிறது. அமெரிக்காவில் வெகுகாலம் ஆண்டது மேல்மூடி இயந்திரம். நட்டுவைத்த தொட்டி, நடுவே துடுப்புள்ள ஒரு தண்டு, வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். இதற்கு மின்சாரமும் ஒரு காரணம். அங்கே வீட்டுச் சாதாரண இணைப்பு 120 வோல்ட். ஐரோப்பாவில் 230. இரண்டாயிரம் வாட் கம்பியைச் சூடாக்குவது 230 வோல்ட்டில் சுலபம், 120 வோல்ட்டில் சிரமம். ஆகவே அமெரிக்கர் வீட்டுப் பொது வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் அடித்தட்டில் ஒரு தட்டு சுழல, துணி தண்ணீரில் நீந்துகிறது. பெரும்பாலும் குளிர்ந்த நீரிலேயே துவைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வாய்த்தது மென்மையான தண்ணீர். குடும்பமே முறைவைத்து அமிழ்ந்தெழுந்த குளியல் தொட்டியின் நீரை உறிஞ்சித் துவைக்க எடுத்துக்கொள்ளும் சிறு பம்பு அங்கே பல இயந்திரங்களோடு வருகிறது. உடம்பைத் தொட்டிக்கு வெளியே கழுவிக்கொண்டு பிறகுதான் உள்ளே இறங்குவார்கள் என்பதை அறியாதவர் முகம் சுளிக்கலாம். பிரான்சில் சிறிய குளியலறைக்கென்று நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வகை உண்டு: உருளை படுத்திருக்கும், கதவு மட்டும் மேலே. இங்கிலாந்தில் சலவை இயந்திரம் அடுப்படியில் இருக்கிறது. குளியலறையில் தொட்டிக்கு அருகே மின்செருகி வைக்க அங்கே விதி இடம் கொடுப்பதில்லை. சோறு சமைக்கும் இடத்தில் உள்ளாடை துவைப்பதா என்று எங்கள் அம்மா கேட்டார். ஸ்வீடனில் அடுக்குமாடியின் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும், இன்ன நாள் இன்ன மணி என்று முறை பதிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. "ஊர்ப் பொதுக் கெணறாட்டம்" என்றார். ஊர்ப் பொதுக்கிணறு எத்தனை பேருக்குப் பொதுவாக இருந்தது என்பதை நாங்கள் அப்போது பேசவில்லை.

ஜெர்மன் இயந்திரங்களில் தொண்ணூறு டிகிரி வரை காய்ச்சும் ஓர் ஓட்டம் உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு நினைவு வந்தது வெள்ளாவிதான். உவர்மண் கரைசலில் முக்கிய துணிகளைப் பானைமேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிகாலையில் கல்லில் அடித்து அலசுவார்கள். காரமும் சூடும் என்ற அதே இரண்டு பொருள்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அறியச் சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் ஒரு குறி. ஆயிரம் துவைப்புக்கும் அந்தக் குறி போகாது. எங்கள் வீட்டுக் குறி இரண்டு புள்ளியும் ஒரு கோடும். பெட்டியின் அடியில் கிடக்கும் தாத்தாவின் வேட்டியில் இன்னும் இருக்கிறது.

இந்தியாவுக்கு இயந்திரம் வந்த கதை தனி. 1980களின் இறுதியில் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் சேர்ந்து புதுச்சேரியில் சலவை இயந்திரம் செய்யத் தொடங்கின. அடுத்து வந்த ஆண்டுகளில் பிரேசில், மெக்சிகோ, இந்தியா மூன்றுக்கும் பொதுவாக ஒரே அடிப்படையில் ஓர் எளிய இயந்திரத்தை வேர்ல்பூல் கொண்டுவந்தது. உலகத்துக்கே ஒரு சலவை இயந்திரம் என்பது கனவு. அதற்கு இங்கே எதிரே நின்றது புடவை. சட்டையும் கால்சராயும் துவைத்துப் பழகிய துடுப்புத் தண்டில் ஐந்தரை மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். ஆகவே இந்தியாவுக்கென்று புடவை சிக்காத வகையில் அந்தத் தண்டை மாற்றி வடிவமைத்தார்கள். வணிகவியல் பாடப் புத்தகங்களில் இது ஒரு பத்தியாக வருகிறது. சீனாவில் ஹையர் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 1996இல் சிச்சுவான் விவசாயி ஒருவர் கழிவுக்குழாய் அடைத்துக்கொள்கிறது என்று புகார் செய்ய, போய்ப் பார்த்தால் அவர் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். கிழங்கு கழுவாதே என்று சொல்லாமல், கிழங்கும் கழுவுகிற இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றார்கள்.

எங்கள் அம்மா செய்ததும் ஏறக்குறைய இதுதான். இயந்திரத்தின் இழுப்பறையில் மூன்றாவது குழி துணியை மிருதுவாக்கும் திரவத்துக்கு உரியது. இந்தப் பக்கத்தில் துணி மிருதுவாக வேண்டுமென்று யார் கேட்டார்கள்? வேட்டி விறைத்து நின்றால்தான் வேட்டி. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டங்கள் சேலமும் நாமக்கல்லும். மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. அம்மா கஞ்சி காய்ச்சி அந்தக் குழியில் ஊற்றிவிட்டார். அது உள்ளேயே உறைந்துவிட்டது. தம்பி அதையும் சுரண்டி எடுத்தார், ஒன்றும் சொல்லாமல்.

நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தது இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு தொட்டியில் துவைக்கும், மறு தொட்டியில் பிழியும். 1960களில் இங்கிலாந்தின் வீடுகளிலும் இதுதான் இருந்தது. அங்கே அது பழங்காலப் பொருளாகிவிட, இங்கே இன்றும் கடைகளில் விற்கிறது. ஏழ்மை மட்டும் காரணமல்ல. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தால் ஊற்றலாம். தானியங்கி இயந்திரத்துக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், எங்கள் தொட்டி மூன்று மீட்டரில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் இரட்டைத் தொட்டிக்குப் பெரிய நட்டமில்லை, வந்ததும் திருகைத் திருப்பினால் போதும். 2012இல் இந்தப் பக்கமெல்லாம் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தபோது, பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் ஈரத்துணி ஊறிக்கொண்டிருப்பதைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் துவைப்பின் சோப்புத் தண்ணீரிலேயே அடுத்த நடைத் துணியையும் போடலாம். எலி கடிக்காமலிருக்க அடியில் வலை. மூடியின் மேல் கழுத்துப்பட்டை தேய்க்க ஒரு சொரசொரப்பான பலகை. ஆக, இந்த இயந்திரம் தன்னருகே ஒரு ஆள், அநேகமாக ஒரு பெண், எப்போதும் நின்றுகொண்டிருப்பாள் என்று நம்பிச் செய்யப்பட்டது. துவைத்த தொட்டியிலிருந்து பிழியும் தொட்டிக்குத் துணி தானாகப் போகாது. இடையே ஒரு கை வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அது 1994இல் வந்தது. அதுவரை எங்களுக்குத் துவைத்துக்கொண்டிருந்த அம்மாளுக்குச் செய்தி எட்டி, மறுநாள் வந்து வாசலில் நின்றார். எங்கள் பாட்டி வயதுதான் அவருக்கும். எங்களில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் எங்களைச் சாமி என்பார். திண்ணையில் வைத்திருந்த இயந்திரத்தைச் சற்றுத் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். துணி சுற்றுவதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்:

"இதுக்கு ராச்சோறு போட வேண்டியதில்லைங்களா சாமி?"

கேலியா, விசாரிப்பா என்று இன்றும் எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. அம்மா பதில் சொல்லவில்லை. அன்று இரவு அவர் சோற்றுக்கு வந்தார், போட்டோம். அறுவடைக்கு அறுவடை கொடுக்கும் தானியம் அந்த ஆண்டோடு நின்றது. யாரும் நிறுத்துவதாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருடைய மகன் திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் சேர்ந்ததாக அறிந்தோம். அங்கே ஆள் உயரத்துக்கு மேற்பட்ட உருளைகள் சுற்றுமாம்.

2003இல் பாட்டி இறந்தார். துவைப்பதற்குத்தான் இயந்திரம் வந்திருந்ததே தவிர, சாவுக்கு வந்திருக்கவில்லை. மாற்று கொண்டுவர வேண்டும், நடையில் துணி விரிக்க வேண்டும், இறந்தவரின் துணியை எடுத்துப் போக வேண்டும். ஒன்பது ஆண்டுகள் நினைக்காத வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். அந்த அம்மாள் படுக்கையில் இருந்தார். மகன் ஊரில்தான் இருந்தார். போனவரிடம் அவர் சொல்லியனுப்பியது ஒரே வாக்கியம்:

"அதுக்கும் அந்த மிசினையே போட்டுக்கச் சொல்லுங்க."

கூடியிருந்த பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. எங்களுக்கும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல், அதாவது எங்கள் வீட்டுக்கு இயந்திரம் வந்த அதே ஆண்டில் வெளிவந்தது. அதைப் படித்து, நண்பர்களோடு விவாதித்து, கடிதங்கள் எழுதிக்கொண்டவர்கள் நாங்கள். அந்த வாக்கியம் வீட்டுவாசலில் வந்து நின்றபோது ஒரு பக்கமும் நினைவுக்கு வரவில்லை. காரியம் நடக்க வேண்டுமே என்பதுதான் இருந்தது.

வேறு வழியின்றிப் பாட்டியின் புடவையையும் போர்வையையும் அந்தத் தொட்டியிலேயே போட்டோம். யாரோ குடத்தால் தண்ணீர் ஊற்றினார்கள். கால் மணி நேரம் சுற்றி, மணியடித்து நின்றது. இனி அவற்றை எடுத்துப் பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வீடு நிறைய உறவினர்கள். சாவுத் துணியில் கை வைக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆண்கள் பந்தலுக்குப் போய்விட்டார்கள். அத்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துணி சோப்புத் தண்ணீரிலேயே ஊறிக்கிடந்தது.

விளக்கு வைத்த பிறகு அம்மா தனியாகப் போய் மூடியைத் திறந்து கையை விட்டார். நாங்கள் திண்ணையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பிழியும் தொட்டி சுற்றும் ஓசை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.